நின்றுபோன நெசவாலையில் ஓர் ஊர்ப் பொதுமனை



ஓர் ஊரின் சரித்திரத்தைக் கோவிலிலும் கோட்டையிலும் தேடுவது நம் வழக்கம். ஆலைச் சுவரிலும் சரித்திரம் உண்டென்பதை நாம் பெரும்பாலும் எண்ணுவதில்லை. இயந்திரம் ஓய்ந்து, கூரை சிதைந்து, பற்றை மண்டிய கட்டடத்தைக் கண்டால், இடித்துவிடுவதே நன்று என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அவ்வாறு கடந்துவிட மறுத்த ஓர் ஊராரின் வரலாற்றையே இன்று எடுத்துக்கொண்டேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பருத்தி நெசவினாற் செழித்த நகரங்களுள் ஸ்பெயின் தேசத்துப் பார்சலோனாவும் ஒன்று. அதன் அயலிலிருந்த சான்ட்ஸ் என்னும் ஊர் 1897இலேயே நகரத்தோடு இணைக்கப்பட்டது. அவ்வூரின் லா போர்டெட்டா பகுதியில், 1878ஆம் ஆண்டளவில், ஜுவான் பட்லியோ என்பவர் பெரியதோர் ஆலையை எழுப்பத் தொடங்கினார். அதனை ஊரார் 'கான் பட்லியோ' என்றனர். கத்தலான் மொழியிலே 'கான்' என்பது 'இன்னாரின் இல்லம்' எனப் பொருள்படும். இல்லம் முதலாளியுடையது, உழைப்போ ஊராருடையது.

அவ்வுழைப்பாளிகள் ஆலைக்கு வெளியே கூட்டுறவுச் சங்கங்களை அமைத்தார்கள். உணவுப் பொருள்களை மொத்தமாக வாங்கித் தமக்குள் நியாய விலைக்குப் பகிர்ந்தார்கள். அவற்றுள் ஒரு சங்கம் 1928இல் தனக்கென எழுப்பிய கட்டடம் சான்ட்ஸில் இன்றும் நிற்கின்றது. 1939இல் உள்நாட்டுப் போர் முடிந்து பிராங்கோவின் சர்வாதிகாரம் நிலைபெற்றபோது, இவ்வியக்கம் நசுங்கியது. ஆயினும் கூடி வாழ்ந்த நினைவு அழியவில்லை.

1960களிலே கான் பட்லியோவில் நெசவும் நின்றது. ஆலைக் கொட்டகைகள் துண்டு துண்டாகச் சிறு பட்டறைகளுக்கு வாடகைக்கு விடப்பட்டன. 1976இல் வகுக்கப்பட்ட பெருநகர்த் திட்டம், அந்நிலம் பூங்காவுக்கும் பொதுத் தேவைகளுக்கும் உரியதென விதித்தது. ஊரார் மகிழ்ந்தனர், காத்திருந்தனர். அதே ஊரிலே வேறோர் ஆலை நிலம் 1985இல் பூங்காவாயிற்று. இன்னோர் ஆலை பின்னர் பாடசாலையும் நூலகமும் ஆயிற்று. கான் பட்லியோவோ காகிதத்தில் மட்டும் பொதுநிலமாகக் கிடந்தது. 2008இல் வந்த பொருளாதார நெருக்கடியோடு, கட்டட வேலைகள் தொடங்கும் என்ற நம்பிக்கையும் தளர்ந்தது.

அப்பொழுது ஊரார் ஒரு தவணை குறித்தார்கள். 2011ஆம் ஆண்டு யூன் 11ஆம் திகதிக்குள் வேலை தொடங்காவிடின், நாமே உள்ளே சென்று தொடங்குவோம் என்று பகிரங்கமாக அறிவித்தார்கள். கடிகாரத்தின் 'டிக் டக்' ஒலியே அவர்களுடைய போராட்டத்தின் பெயராயிற்று. நாள் நெருங்கவே, மாநகர சபை பதினோராம் இலக்கக் கட்டடத்தை அவர்களிடம் விட இசைந்தது. குறித்த நாளிலே மக்கள் திரண்டு உள்ளே சென்றார்கள். திட்டம் பிறந்து 35 ஆண்டுகள் கழிந்திருந்தன. அன்று இளைஞராய் இருந்தோர் நரைத்த தலையுடன் அவ்வாயிலைக் கடந்தனர்; அந்நாளைக் காணாது மறைந்தோரும் இருந்தனர்.

பின்பு நிகழ்ந்ததே நாம் கருத்திற்கொள்ளத்தக்கது. தச்சரும் மின்வேலை அறிந்தோரும் ஓய்வூதியரும் மாணவரும் தத்தம் ஓய்வு நேரத்தைக் கொடுத்துக் கட்டடத்தைச் செப்பனிட்டனர். முதலில் நூலகம் ஒன்று உருவாயிற்று. அதன் நூல்கள் ஊரார் தந்தவை. பின்னர் சிற்றுண்டிச்சாலை, மேடையுடன் கூடிய மண்டபம், தச்சுப் பட்டறை, காய்கறித் தோட்டம் என ஒவ்வொன்றாய் எழுந்தன. எக்காரியமும் பொதுக்கூட்டத்தின் முடிவுப்படியே நடைபெற்றது. அருகே, மாநகர சபை 75 ஆண்டுக் குத்தகைக்குத் தந்த நிலத்தில், 'லா போர்டா' என்னும் கூட்டுறவு 28 வீடுகளை மரத்தாற் கட்டி 2018இல் முடித்தது. அங்கே வாழ்வோருக்கு வீட்டை விற்கும் உரிமை இல்லை. வாழும் உரிமை உண்டு. 2019இல் மாநகர சபை ஆலைக் கட்டடங்களின் பயன்பாட்டை நீண்ட காலத்துக்கு ஊர்ச் சங்கத்துக்கு வழங்கி, நடைமுறையில் இருந்ததைச் சட்டத்திலும் நிலைநாட்டியது.

இவ்வளவையும் அரசே செய்திருக்கலாகாதா என்று நேயர்கள் கேட்கலாம். செய்திருக்கலாம். ஊதியமின்றி உழைப்போர் சோர்வடைவர். பொதுக்கூட்டம் மெல்லவே நடக்கும். கருத்து வேற்றுமை எழும். இவை மெய்யான குறைகள். ஆனால் பிறர் கட்டித் தந்த மண்டபத்தின் கூரை ஒழுகினால் நாம் விண்ணப்பம் எழுதுவோம். நாமே செப்பனிட்ட மண்டபத்தின் கூரை ஒழுகினால் ஏணியைத் தேடுவோம். ஊர்ச்சொத்து நிலைப்பதும் அழிவதும் இவ்வேறுபாட்டில்தான் தங்கியிருக்கின்றன.

இது நமக்குப் புதிய பாடமன்று. நம் கிராமங்களின் வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் ஒருவர் காணி கொடுக்க, இன்னொருவர் ஓடு கொடுக்க, இளைஞர் சிரமதானத்தாற் சுவர் எழுப்ப உருவானவையே. போரினால் ஓய்ந்த ஆலைகளும் நம்மிடையே உண்டு. 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990இல் நின்றுபோயிற்று. ஓய்ந்த ஆலை ஒவ்வொன்றும் பொதுமனை ஆக வேண்டுமென்று நான் சொல்லவில்லை. சிலவற்றில் தொழிலே மீள வேண்டும். எதுவாயினும், அதன் சுவரை இடிக்குமுன் அங்கே உழைத்தோரையும் அயலில் வாழ்வோரையும் அழைத்துக் கேட்பது நியாயமல்லவா?

முதலாளியின் இல்லம் என்று பெயர் பெற்ற கான் பட்லியோ இன்று ஊராரின் இல்லமாய் விளங்குகின்றது. பெயர் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது.