பின்னக் கணக்கு: எண்சுவடியும் இணுவில் வகுப்பறையும்

யாழ்ப்பாண நகருக்கு வடக்கே காங்கேசன்துறை வீதியில் உள்ள செம்மண் தோட்டக் கிராமம் இணுவில். இணுவில் இந்துக் கல்லூரியிலும் மத்திய கல்லூரியிலும் பெருக்கலும் பின்னமும் இன்று அரச பாடநூலின்படியே கற்பிக்கப்படுகின்றன. யாழ்ப்பாணத்தில் பின்னத்துக்கு இதைவிட மூத்த வழியொன்று இருந்தது.

திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடி என்னும் வாய்பாட்டு நூலை மனனம் செய்தார்கள். முழு எண் வாய்பாட்டோடு கீழ்வாயிலக்கம் எனப்படும் பின்னங்களின் வாய்பாடும் அதில் உண்டு. முந்திரி 1/320, காணி 1/80, மா 1/20, மாகாணி 1/16, அரைக்கால் 1/8. எல்லாமே முந்திரியின் முழு மடங்குகள்: காணிக்கு 4, மாவுக்கு 16, மாகாணிக்கு 20. மாவோடு காணியைக் கூட்டினால் 16உம் 4உம் 20, விடை மாகாணி. பொதுப் பகுதி தேடும் வேலையே இல்லை. அதை யாரோ என்றோ செய்துமுடித்துவிட்டார்கள். பிள்ளைக்கு மிஞ்சியது நெட்டுரு மட்டும். ஆனால் 320 மூன்றால் மீதியின்றி வகுபடாது. மூன்றிலொன்று வந்தால் இந்த ஏற்பாடு திணறும்.

1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி யாழ்ப்பாணத்துக்கு மேலைக் கணிதத்தைக் கொண்டுவந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவரான விசுவநாதபிள்ளை அங்கே படித்தவர். அவருடைய அட்சரகணித நூலான ‘வீசகணிதம்’ 1855இல் தமிழில் வெளிவந்தது.

இன்றைய வகுப்பில் வாய்பாடு போகவில்லை. அதை உடைத்துப் பயன்படுத்தும் பழக்கம் கூடியிருக்கிறது. 18 × 7 வந்தால் 20 × 7 என 140 கண்டு, 14ஐக் கழித்து 126 என்பார்கள். பின்னக் கூட்டலில் பகுதி எண்களின் பொது மடங்குகளுட் சிறியதைக் காண வேண்டும். இதைத் தவறவிட்டு 1/2 + 1/3 = 2/5 என எழுதுவது எந்த ஊர்ப் பிள்ளைக்கும் வரும் பிழை. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறையுமா என்று கேட்டாலே போதும், பிள்ளை தானாகத் திருத்திக்கொள்ளும்.

பின்னப் பெருக்கலுக்கு நல்ல உதாரணம் வீட்டு உறுதியிலேயே கிடக்கிறது. யாழ்ப்பாண நில அளவையில் 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஓர் ஏக்கர். 18க்கு மூன்றிலொன்றும் ஆறிலொன்றும் ஒன்பதிலொன்றும் முழுக் குழியாகவே வரும். முந்திரிக்கு முடியாதது இது. முக்கால் பரப்புத் தோட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு எவ்வளவு? 3/4 × 2/3இல் மூன்றை மூன்றால் வெட்டிச் சுருக்கினால் 1/2. குழியில் பார்த்தால் பதின்மூன்றரையில் மூன்றிலொன்று நாலரை, இரண்டு பங்கு ஒன்பது: அரைப் பரப்பு.