த்ரீயம்பவாயும் பொன்னிழையும்: தாய்லாந்தில் பெயர்களின் பயணம்

தாய்லாந்துக்கும் தமிழகத்துக்கும் இடையிலான உறவை ஆராய்வோர் பெரும்பாலும் கல்வெட்டுகளிலிருந்தே தொடங்குவர். தக்குவாபாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளத்தையும் அதன் காவலை ஏற்ற மணிக்கிராமத்தாரையும் குறிப்பிடுகின்றது. அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர் ஆதலின் இக்கல்வெட்டு 9ஆம் நூற்றாண்டினதாகக் கொள்ளப்படும். வணிகர் சென்றமைக்கு இது சான்று. சென்ற மொழி அந்நாட்டார் நாவில் என்னவாயிற்று என்பதற்கோ வேறிடத்தில்தான் விடை தேட வேண்டும்.

பாங்காக்கின் தேவஸ்தானம் என்னும் பிராமணர் கோயில் முதலாம் இராமாவின் ஆட்சியில், 1784இல் எழுந்தது. சிவன், விநாயகர், திருமால் ஆகியோர்க்குத் தனித்தனியே மூன்று கட்டடங்கள். கோபுரம் இல்லை, விமானம் இல்லை. தாய் மரபுக்குரிய சரிவான ஓட்டுக்கூரையும் முக்கோண முகப்புமே உள்ளன. கட்டடத்தை மட்டும் காண்பவர்க்குத் தமிழ்த் தொடர்பு புலப்படாது. ஆனால் மார்கழி, தைத் திங்களையொட்டி அங்கு நிகழும் பதினைந்து நாள் விழாவின் பெயர் ‘த்ரீயம்பவாய் த்ரீபவாய்’. முற்பகுதி சிவனுக்கும் பிற்பகுதி திருமாலுக்கும் உரியவை. திருவெம்பாவை, திருப்பாவை ஆகிய பெயர்களின் திரிபே இது என்பதைத் தனிநாயக அடிகள் முதலியோர் எடுத்துக்காட்டினர். கிரந்த எழுத்து மரபில் அமைந்த பாங்காக் ஏடுகளின் வடமொழி, தமிழ்ப் பாடல்களை நீலகண்ட சர்மா 1972இல் புதுச்சேரியிலிருந்து பதிப்பித்தார்.

ஒலித்திரிபு கூர்ந்து நோக்கத்தக்கது. ‘திரு’ என்பது ‘த்ரீ’ ஆகி, வடமொழியின் ‘மூன்று’ எனும் சொல்லின் வடிவைப் பெற்றுவிட்டது. வகர உடம்படுமெய் நின்ற இடத்தில் யகரம் வந்தது. ‘பாவை’யின் நெடில் குறுகி, இறுதி அசை நீண்டு ‘பவாய்’ ஆயிற்று. ஈற்றசையில் அழுத்தம் கொள்ளும் தாய்மொழி இயல்புக்கு இது பொருந்தும். பாடுவோர் தமிழ் அறியார். பொருள் நீங்கியபின் ஒலியை நிறுத்தியது சடங்கே. (பொருள் மறைந்தால் அறிந்த சொல்லின் வடிவை ஏற்பது பிறநாட்டார்க்கு மட்டும் உரியதன்று. மைசூர்ப் பாகு தமிழர் பலர் நாவில் ‘பாக்கு’ ஆகிவிட்டது.)

கோயிலின் முன் நிற்கும் தேக்குமரப் பேரூஞ்சலும் இவ்விழாவைச் சார்ந்ததே. ஊஞ்சலாடிக் கழியில் கட்டிய காசுப்பையை வாயால் கவ்வும் சடங்கு 1935இல் நின்றது. ஊஞ்சல் தூண்கள் 2007இல் புதுப்பிக்கப்பெற்றன. திருவாசகத்தில் திருப்பொன்னூசல் இருப்பதைக் கொண்டு இதனையும் தமிழகத்திலிருந்து சென்றதென நிறுவ முனைவது மிகை. ஊசல் பல நாட்டுச் சடங்குகளுக்கும் பொது. பெயர் தரும் சான்றை வடிவ ஒற்றுமை தராது.

இவ்வேறுபாட்டை இனிப்புகள் மேலும் தெளிவாக்கும். பொரி, அவல், எள், வேர்க்கடலை ஆகியவற்றை வெல்லப்பாகில் கிளறிச் செய்யும் ‘கிரயாசாத்’ நம் பொரி உருண்டையை நினைவூட்டும். எனினும் அப்பெயரின் ‘சாத்’ வடமொழிச் ‘சரத்’ எனும் பருவப்பெயரின் திரிபு. தமிழ்ச் சுவடு அதில் இல்லை. ‘ஃபோய் தோங்’ வேறு வகையினது. முட்டை மஞ்சட்கருவைக் கொதிக்கும் பாகில் இழையிழையாக ஊற்றி எடுக்கும் இது, 17ஆம் நூற்றாண்டு அயுத்தியாவில் போர்த்துக்கீசியர் வழிப் பரவியதென்பர். போர்த்துக்கீசியப் பெயரின் பொருள் ‘முட்டை இழைகள்’. தாய் மக்கள் அவ்வொலியை ஏற்கவில்லை. ‘பொன் இழை’ எனத் தம் சொல்லால் புதுப்பெயர் இட்டனர். மலபார் மாப்பிள்ளைமார் அதே பண்டத்தை ‘முட்டமால’ என்பர். இழை அங்கு மாலையாயிற்று. புனிதப் பாடலில் ஒலியே வலிமை உடையது என்னும் நம்பிக்கை பெயரைக் காத்தது. அடுக்களைக்கு அத்தகைய கட்டு இல்லை.

எனவே தாய் நூலொன்றைத் தமிழாக்குவோர் ‘ஃபோய் தோங்’ என்பதைப் ‘பொன்னிழை’ எனத் தயங்காது பெயர்க்கலாம். த்ரீயம்பவாயைத் ‘திருவெம்பாவை’ என மீட்டெழுதும் ஆவல் நமக்கு இயல்பாக எழும். அவ்வாறு எழுதினால் அச்சொல் கடல் கடந்தபின் பெற்ற மாற்றங்கள் அனைத்தும் ஏட்டிலிருந்து அழிந்துவிடும். மூலத்தில் அவ்வடிவையே நிறுத்தி, தமிழ்ப் பெயரை அடிக்குறிப்பில் தருதல் தகும்.