மலையில வைத்தியம் பார்க்கிறது யார்? நர்ஸ் ப்ராக்டிஷனர் படிப்பின் கதை

"ஆன்லைன்ல நர்ஸ் ப்ராக்டிஷனர் டிகிரி எங்க படிக்கலாம்?" நர்சிங் முடிச்சவங்க கூகுள்ல தேடுற கேள்வி இது. தேடினா வருவது பெரும்பாலும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் விளம்பரம். கட்டணம், காலம், தரவரிசை எல்லாம் இருக்கும். ஒன்று மட்டும் இருக்காது. அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் உட்கார்ந்து ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரையை நாமாகவே எழுதிக் கொடுக்க முடியுமா?

முடியாது. ஏன் முடியாது என்பதற்குப் பின்னால் நூற்றைம்பது வருஷக் கதை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் எந்தப் படிப்பு என்ற கேள்விக்கும் பாதி பதில் கிடைத்துவிடும்.

சென்னையில் ஆரம்பம்

நர்சிங் பாடப் புத்தகங்கள் சொல்லும் கணக்குப்படி 1854-ல் சென்னையில் பிரசவம் பார்க்கும் பெண்களுக்கான பயிற்சிப் பள்ளி வந்தது. 1871-ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நர்ஸ்களுக்கான பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் மருத்துவமனையின் நர்சிங் பள்ளி 1909-ல். 1926-ல் சென்னை மாகாணத்தில் நர்ஸ்கள், மிட்வைஃப்களுக்கான சட்டம் வந்தது. இன்றைக்கும் தமிழ்நாடு நர்ஸ்கள் கவுன்சில் அந்தச் சட்டத்தின் கீழ்தான் இயங்குகிறது. படித்தால் மட்டும் போதாது, கவுன்சிலில் பெயர் பதிவாக வேண்டும் என்ற விதி அன்றிலிருந்து வருவது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வரும்.

1946: நடுப்படி காணாமல் போனது

1946 இந்த விஷயத்தில் முக்கியமான வருஷம். வேலூரிலும் டெல்லியிலும் பி.எஸ்சி. நர்சிங் ஆரம்பித்தது அந்த வருஷம்தான். போர் கமிட்டி அறிக்கை வந்ததும் அதே வருஷம். (இது யுத்தம் இல்லீங்க, தலைவர் ஜோசப் போர்.)

அந்த அறிக்கையின் எண்களைப் பாருங்கள். பிரிக்கப்படாத இந்தியா முழுக்க நர்ஸ்கள் சுமார் 7,000 பேர், அதாவது 43,000 பேருக்கு ஒரு நர்ஸ். டாக்டர்கள் சுமார் 47,500 பேர். அதில் முழுப் பட்டம் வாங்கியவர்கள் 17,654. மீதி 29,870 பேர் லைசென்ஷியேட்கள், நம்ம பக்கம் எல்.எம்.பி. டாக்டர் என்று சொல்வோமே, அவர்கள். குறுகிய காலப் படிப்பு படித்த டாக்டர்கள். சின்ன ஊர்களில் வைத்தியம் பார்த்தவர்களில் இவர்கள் கணிசமானவர்கள்.

இனி எம்.பி.பி.எஸ். என்ற ஒரே தரம் போதும், எல்.எம்.பி. வேண்டாம் என்று கமிட்டியில் பெரும்பான்மை முடிவு செய்தது. கிராமத்துக்காரனுக்கு மட்டும் ஏன் அரைகுறை டாக்டர் என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனா விளைவு? நடுவில் இருந்த ஒரு படி போய்விட்டது. மேலே எம்.பி.பி.எஸ்., கீழே ஐம்பதுகளில் வந்த துணை நர்ஸ்-மிட்வைஃப். தமிழ்நாட்டில் இவரைக் கிராம சுகாதார செவிலியர் என்கிறோம். சமவெளியில் 5,000 பேருக்கும், மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி.

3,000 பேர் என்பது காகிதத்தில் சின்ன எண். கல்வராயன் மலையில் அது எத்தனையோ சிதறிய ஊர்கள். பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடி, சின்னக் கல்வராயன் 2,700 அடி. 1976 வரைக்கும் ஜாகீர்தார்கள் பிடியில் இருந்த மலை இது. பள்ளி, சாலை, ஆஸ்பத்திரி எல்லாமே தாமதமாகத்தான் மேலே ஏறின. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-ல். அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது 2022 ஜனவரியில், அதுவும் கீழே சமவெளியில். மலையில் ராத்திரி ஒரு குழந்தைக்கு மூச்சுத் திணறினால் முதலில் பார்க்கப்போவது டாக்டர் இல்லை, நர்ஸ்தான். அவருக்கு என்ன செய்யத் தெரியும், அதில் எதைச் செய்யச் சட்டம் விடும்? மொத்த விஷயமும் இந்த இரண்டு கேள்விதான்.

1965: கொலராடோ

இதே கேள்வியை அமெரிக்காவில் கேட்டவர் லொரெட்டா ஃபோர்ட். கொலராடோவின் கிராமப்புறத்தில் வேலை பார்த்த பொது சுகாதார நர்ஸ். 1965-ல் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரோடு சேர்ந்து கொலராடோ பல்கலைக்கழகத்தில் முதல் நர்ஸ் ப்ராக்டிஷனர் பயிற்சியைத் தொடங்கினார். டாக்டர் எட்டாத இடத்துக் குழந்தைகளை நர்ஸே பரிசோதித்து, சாதாரண நோய்க்கு வைத்தியமும் பார்க்கலாம் என்பதுதான் யோசனை. டாக்டர்களிடமிருந்தும் எதிர்ப்பு, நர்ஸ்களிடமிருந்தும் எதிர்ப்பு. அதன்பிறகு மாநிலம் மாநிலமாகச் சட்டம் மாறி, மருந்து எழுதும் உரிமை வந்தது. படிப்பு முதலில் வந்தது, அதிகாரம் பல வருஷம் கழித்துத்தான் வந்தது.

பக்கத்துப் பள்ளத்தாக்கு

நம்ம ஊர் உதாரணம் ஒன்று. கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவில் இருக்கிறது சிட்டிலிங்கி, தர்மபுரி மாவட்டம். கல்வராயனில் இருப்பது போலவே மலையாளி பழங்குடி மக்கள். 1993-ல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற டாக்டர் தம்பதி அங்கே போய்க் கூரைக் கொட்டகையில் வைத்தியத்தைத் தொடங்கினார்கள். அப்போது அங்கே குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 147. வெளியிலிருந்து நர்ஸ்கள் வந்து தங்குவார்கள் என்று காத்திருக்காமல் உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். பிரசவம் பார்ப்பது முதல் ஆபரேஷனில் உதவுவது வரை அவர்கள் கற்றுக்கொண்டார்கள். பின்னாட்களில் அந்த இறப்பு எண் இருபதை ஒட்டி இறங்கியது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்தப் பெண்களின் திறமை அந்த ஆஸ்பத்திரிக்குள், பக்கத்தில் டாக்டர் இருக்கும் ஏற்பாட்டில் செல்லும். வேறு மலைக்குப் போனால் கூடவே போகாது. திறமையும் உரிமமும் இரண்டு தனிச் சரக்கு. எங்க சாஃப்ட்வேர் பாஷையில் சொன்னால், லாகின் இருக்கு, பர்மிஷன் இல்லை.

இந்தியாவுக்கு வந்த நர்ஸ் ப்ராக்டிஷனர்

2017-ஐ ஒட்டி இந்திய நர்சிங் கவுன்சில் நர்ஸ் ப்ராக்டிஷனர் என்ற பெயரில் ஒரு முதுகலைப் படிப்பைக் கொண்டுவந்தது. இரண்டு வருஷம். வகுப்பு சுமார் 20 சதவீதம், மீதி 80 சதவீதம் நோயாளி பக்கத்தில். தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழும் இது இருக்கிறது. ஆனா இது தீவிர சிகிச்சைப் பிரிவுக்கான படிப்பு. கிராமத்துக் குழந்தைக்காகப் பிறந்த யோசனை இங்கே வந்து ஐ.சி.யூ. வாசலில் இறங்கிவிட்டது! அடுத்து 2018-ல் பிரசவத்துக்கான நர்ஸ் ப்ராக்டிஷனர் பயிற்சிக்கு மத்திய அரசு வழிகாட்டுதல் வந்தது. அது 18 மாதம்.

மலைக்கு உண்மையில் பொருந்துவது வேறு பெயரில் வந்தது. இக்னோவில் ஆறு மாத சமூக சுகாதாரச் சான்றிதழ். அதை முடித்த நர்ஸ்கள் இடைநிலை சுகாதாரப் பணியாளராக நலவாழ்வு மையங்களுக்கு வந்தார்கள். 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-வது பிரிவு இடைநிலைப் பணியாளருக்கு வரம்புக்குட்பட்ட மருந்து எழுதும் உரிமம் தரலாம் என்றது. டாக்டர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். 1946-ல் எடுத்த நடுப்படியைத் திரும்பப் போடுவது அவ்வளவு சுலபமில்லை.

அப்போ எதில் சேருவது?

முதல் கேள்வி, எங்கே வேலை செய்யப்போகிறீர்கள்? அமெரிக்கா என்றால் முதலில் என்க்லெக்ஸ் பரீட்சை எழுதி அங்கே பதிவு. அதன்பிறகுதான் இந்தப் பட்டம். ஆன்லைன் என்றாலும் பாடம்தான் ஆன்லைன். இப்போதைய தரவிதிப்படி குறைந்தது 750 மணி நேரம் நோயாளிகளை நேரில் பார்த்தாக வேண்டும். அந்த இடத்தைக் கல்லூரி ஏற்பாடு செய்யுமா, நாமே தேடவேண்டுமா என்று கட்டணம் கட்டும் முன் கேளுங்கள்.

இங்கேதான் வேலை என்றால், கவுன்சில் ஏற்காத பட்டம் சுவரில் மாட்டத்தான் ஆகும். 1926 விதி இன்னும் உயிரோடு இருக்கிறது. தொலைவழியில் கவுன்சில் அங்கீகாரத்தோடு நடந்ததற்கு உதாரணம் இக்னோவின் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி., 1994-ல் தொடங்கியது. அதிலும் செய்முறைக்கு நேரில் போகத்தான் வேண்டும். 2023-ல் தேசிய நர்சிங் ஆணையத்துக்கான புதுச் சட்டம் வந்திருக்கிறது. அதனால் சேரும் தேதியில் எது அங்கீகாரம் என்பதை அதிகாரப்பூர்வ பட்டியலில் பார்த்துவிடுங்கள், ஏஜென்ட் வார்த்தையில் வேண்டாம்.

மலையில் நிற்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்றைக்கு உங்களுக்கான நேர்வழி சமூக சுகாதாரப் பயிற்சியும் பிரசவப் பயிற்சியும்தான், பளபளப்பான வெளிநாட்டுப் பட்டம் இல்லை. உரிமம் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் வரவேண்டிய விஷயம். கொலராடோவிலும் அது தானாக வரவில்லை, நர்ஸ்கள் கேட்டுத்தான் வந்தது.