ஹங்கேரிக்கு ஈடாக மலபார்: 1698ஆம் ஆண்டின் ஒரு பேரம்

அயல்நாட்டவரின் சமயச் சுதந்திரத்தை வெளியுறவுக் கொள்கையால் காப்பது அண்மைக்காலச் சிந்தனை என்று கருத்தரங்குகளில் அடிக்கடி கேட்கிறோம். 17ஆம் நூற்றாண்டுக் கொச்சியைப் பயின்றவர்கள் இதை எளிதில் ஏற்கமாட்டார்கள்.

1653 சனவரி 3 அன்று மட்டாஞ்சேரியில் திரண்ட தோமா கிறித்தவர்கள், இனி இயேசு சபையினருக்குக் கீழ்ப்படிவதில்லை எனச் சூளுரைத்தனர். கூனன் சிலுவைச் சத்தியம் என்பது இதுவே. மேற்காசியாவிலிருந்து வந்த அகத்தள்ளா என்னும் ஆயரை முந்தைய ஆண்டு நம் மயிலாப்பூரில் தடுத்துவைத்த செய்தியும், அவர் கடலில் மூழ்கடிக்கப்பட்டார் என்ற வதந்தியும் அவர்களைக் கொதிக்கச் செய்திருந்தன. தங்களுக்கு எவர் ஆயர் என்பதே அவர்களின் கேள்வி.

பத்தாண்டுக்குள் டச்சுக்காரர் வந்தனர். 1662இல் அவர்களது முற்றுகை தோற்றபோது, அவர்களுக்கு உதவியதாகக் குற்றம் சாட்டப்பட்ட யூதர்களைப் போர்த்துக்கீசியர் தண்டித்தனர். 1568இல் கொச்சி அரசரின் அரண்மனையை ஒட்டி எழுந்த பரதேசி யூதத் தொழுகைக்கூடம் சேதமுற்றது. 1663இல் கொச்சி டச்சுக்காரர் வசமானபின் அது சீரமைக்கப்பட்டது. யூதர்களுக்கு நிம்மதி தந்த அதே ஆட்சி, ஐரோப்பியக் கத்தோலிக்கத் துறவியரை வெளியேறச் சொன்னது.

இங்குதான் வியன்னா நுழைகிறது. சீர்திருத்தச் சபையைச் சார்ந்த டச்சு அரசிடம் உரோமையின் சொல் எடுபடாது; ஆகவே பேரரசர் முதலாம் லியோபோல்டு இடையீடு செய்தார். 1698இல் ஓர் ஆயரும் பன்னிரண்டு கார்மேல் சபைக் குருக்களும் மலபாரில் தங்க டச்சு அரசு இசைந்தது. அவர்கள் இத்தாலியர், செருமானியர், பெல்ஜியர் ஆகியோரில் ஒருவராக இருத்தல் வேண்டும்; கொச்சி நகருக்குள் குடியிருத்தல் ஆகாது. கைம்மாறாக, ஹங்கேரியின் சீர்திருத்தச் சபையினருக்குப் பேரரசர் சலுகை அளிக்க ஒப்பினார். (மலபார்த் திருச்சபை வரலாற்றை ஆய்வோர் ஹங்கேரி வரலாற்றைத் தொடுவதே இல்லை, தொட வேண்டும்.)

இதைச் சமய சகிப்பின் வெற்றி எனப் போற்றுவோர் உண்டு. ஒரு பகுதி உண்மைதான். இரு தேசங்களிலும் வழிபடுவோர்க்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. ஆயினும் அந்த நாட்டினப் பட்டியல் என்னை உறுத்துகிறது. அது போர்த்துக்கீசியரை விலக்கி வைக்க வகுக்கப்பட்டது; மண்ணின் மக்களுக்கு அதில் இடமே இல்லை. சத்தியத்துக்குப்பின் உரோமையுடன் இணைந்த தோமா கிறித்தவர்களுக்கு, 1663இல் கடுத்துருத்தியில் பறம்பில் சாண்டி ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டிருந்தார். அவருக்குப்பின் அவர்களுள் ஒருவர் ஆயரானது 1783இல், லிஸ்பனில்: கரியாட்டில் யோசேப்பு. 1786இல் ஊர் திரும்பும் வழியில் அவர் கோவாவில் மறைந்தார்.