கடையும் கலாசாலையும்

வணிகம் பயில விரும்பும் இளைஞன் முதலிற் கடையில் இருந்து பழகிப் பின்னர்க் கலாசாலை புகுதல் வேண்டுமோ, கலாசாலையில் தேறிய பின்னர்க் கடை ஏறுதல் வேண்டுமோ என்னும் வினா நம் சங்கத்துக் குடும்பங்களில் ஆண்டுதோறும் எழுவதாகும். தந்தையார் கல்லாப்பெட்டியைக் காட்டுவார்; தாயார் பட்டத்தைக் காட்டுவார். பையன் இருவர் முகத்தையும் பார்த்து நிற்பான். தமிழில் ‘பயிலுதல்’ என்னுஞ் சொல் கற்றலையும் குறிக்கும். பலகாலும் செய்து பழகுதலையும் குறிக்கும். சொல் ஒன்றாய் வைத்ததை நாம் இரண்டாய்ப் பிரித்துக்கொண்டு வழக்காடுகின்றோம். இதே வழக்கு ஜெர்மனி தேசத்து வணிகரிடையே ஒரு நூற்றாண்டுக் காலம் நிகழ்ந்து, 1898-ஆம் ஆண்டில் ஒரு விதியாக முடிந்தது. அவ்வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

அந்நாட்டில் வணிகனாக வேண்டுவோன் இளமையிலேயே ஒரு முதலாளியிடம் ஒப்படைக்கப்படுவது பழைய வழக்கம். சில ஆண்டுகள் அவன் அங்கே வேலை பழகுவான். பலவிடத்தும் முதலாளி வீட்டிலேயே உண்டு உறங்குவான். கூலி கிடைப்பது ஒருபுறம் இருக்க, தொழில் கற்பிப்பதற்காகப் பையனைப் பெற்றவர்களே முதலாளிக்குப் பணம் கொடுப்பதும் உண்டு. கொடுக்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு நல்ல கடையின் கதவு திறப்பது அரிது. பணம் கொடுத்துச் சேர்ந்தவனும் கிட்டங்கி கூட்டுதல், சரக்குக் கட்டுதல், கடிதத்துக்குப் படி எடுத்தல் ஆகியவற்றிலேயே நாளைக் கழித்துவிடக் கூடும். கணக்கின் உட்பொருளை விளக்கிச் சொல்ல எல்லா முதலாளிக்கும் ஓய்வும் இல்லை, மனமும் இல்லை.

இக்குறையைக் கண்டவர்களுள் முன்னிற்பவர் கோத்தா நகரத்து வணிகர் எர்ன்ஸ்ட் வில்ஹெல்ம் ஆர்னால்டி என்பவர். 1820-இல் வணிகர்கள் தம்முள் கூடி நடத்தும் தீக்காப்பு நிதியைத் தொடங்கிப் புகழ்பெற்றவரும் அவரே. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1818-இல், கடைப்பையன்களுக்கென்று தம் ஊரில் ஒரு பள்ளி ஏற்படுத்தினார். 1831-இல் லைப்ஸிக் நகரத்து வணிகச் சங்கத்தார் அதனினும் பெரியதொரு பள்ளியைத் திறந்தனர். பையன் கடையையும் விடான்; வாரத்தில் குறித்த சில மணி நேரம் பள்ளிக்கும் வருவான். அந்நேரத்தை முதலாளி விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதே இவ்வேற்பாட்டின் உயிர்நிலை. கல்வியைப் புகழ்ந்து பேசுவது எல்லார்க்கும் எளிது. சந்தை நாளில் ஒரு பையனை இரண்டு மணி நேரம் விட்டுக்கொடுப்பதே அரிது என்பதைக் கடை வைத்திருப்பார் அறிவர்.

பாரிஸ் நகரத்தார் வேறு வழி கொண்டனர். 1819-இல் அங்கே தொடங்கிய வணிகப் பள்ளியில், மாணாக்கர்களே போலிக் கடைகள் அமைத்து ஒருவரோடொருவர் கொள்வதும் கொடுப்பதும் போலப் பழகினர். இதனை நாம் இகழோம். பேரேடு எழுதும் கை இதனால் திருந்தும். ஆயினும் பொம்மைக் கடையில் கடன் கொடுத்தவனுக்கு இரவில் உறக்கம் கெடுவதில்லை.

நிற்க. ஜெர்மானிய வணிகப் பிள்ளைகள் சர்வகலாசாலை புக முடியாமைக்கு ஒரு விநோதமான காரணமும் இருந்தது. அது படைச் சட்டத்திலிருந்து வந்தது. அக்காலத்தில் உடல் தகுதியுள்ள ஆண்மக்கள் இரண்டு மூன்று ஆண்டுகள் படையில் ஊழியஞ் செய்ய வேண்டும். உயர்பள்ளியில் ஆறு வகுப்புகள் முடித்தவன் மட்டும், தன் செலவிலேயே உடையும் உணவும் பார்த்துக்கொண்டு, ஓராண்டு ஊழியத்தோடு விடுபடலாம். ஆகவே வணிகர் தம் மைந்தரை அந்த ‘ஓராண்டுச் சான்று’ கிடைக்கும் வரையில் படிப்பித்து, கிடைத்தவுடன் பள்ளியினின்றும் நிறுத்திக் கடைக்கு அனுப்பினர். சர்வகலாசாலைக்கோ ஒன்பது வகுப்புகளும் முடித்துப் பெறும் ‘அபிதூர்’ என்னும் பத்திரம் வேண்டும். எஞ்சிய மூன்று வகுப்புகள் ஒரு மதிலாக நின்றன. மதிலுக்கு அப்பால் சட்டமும் மருத்துவமும் தத்துவமும் கற்பிக்கப்பட்டன. கப்பல் கப்பலாகச் சரக்கு ஏற்றி அனுப்பிய வகுப்பினர் இப்பால் நின்றனர்.

1898-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், லைப்ஸிக் நகரத்து வணிக மன்றத்தாரின் முயற்சியால், அந்நகரச் சர்வகலாசாலையைச் சார்ந்து ஓர் உயர்நிலை வணிகக் கலாசாலை திறக்கப்பட்டது. அதன் பிரவேச விதியே நம் கட்டுரையின் நடுப்பொருளாகும். ஒன்பது வகுப்பு முடித்தோர் சேரலாம் என்றது விதி, அதில் வியப்பில்லை. ஓராண்டுச் சான்று பெற்று, ஒரு வணிக நிலையத்தில் வேலை பழகும் காலத்தை முற்ற முடித்தவர்களும் சேரலாம் என்றும் அது கூறிற்று. தேர்ச்சி பெற்ற ஆசிரியர்க்கும் அயல்நாட்டார்க்கும் தனி வழி வகுத்தது. கடையில் கழிந்த ஆண்டுகள் கல்வியாண்டுகளுக்கு ஈடாக ஏட்டில் ஏறின. இது சலுகையன்று, பழகி அறிந்ததும் அறிவே என்று ஒப்புக்கொண்டதாகும் என்பது நம் துணிபு. பண்டிதராயினார் பலர் இதனை விரும்பவில்லை. பணம் பண்ணும் வித்தைக்குச் சர்வகலாசாலையில் இடமா என்று பொருளாதார ஆசிரியர் சிலர் பின்னாளிலும் எள்ளினர்.

அவ்வாறு புகுந்த முதல் மாணாக்கருள் ஒருவர் ஓய்கன் ஷ்மாலன்பாக். 1873-இல் பிறந்தவர், உயர்பள்ளியை இடையில் விட்டு, வேலை பழகி, தந்தையாரின் சிறிய இரும்புச் சாமான் தொழிற்சாலையில் உழைத்தவர். ஒன்பது வகுப்புப் பத்திரம் அவரிடம் இல்லை. 1898-இன் விதி இல்லையாயின் அவர் இரும்புப் பட்டறையிலேயே இருந்திருப்பார். கலாசாலை மாணாக்கராய் இருந்த 1899-ஆம் ஆண்டிலேயே, உலோகத் தொழிலார் பத்திரிகையில் செலவினங்களைப் பற்றி எழுதினார். உற்பத்தி பெருகினும் சுருங்கினும் மாறாத செலவு ஒன்று, உற்பத்தியோடு கூடிக் குறையும் செலவு மற்றொன்று என்று பிரித்துக் காட்டினார். கடைவாடகையும் சாக்குப்பை விலையும் ஒரு தன்மையன அல்ல என்பதை நம்மவர் எவரும் உணர்வர். அதனை முறைப்படுத்திக் கணக்கியலாக்கியவர்களுள் இவர் தலைமையானவர். பின்னர்க் கொலோன் நகரத்தில் 1906-இல் பேராசிரியரானார். ஐந்தொகையைப் பற்றி 1919-இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சி அந்நாட்டுக் கணக்காளர்க்கெல்லாம் நெடுங்காலம் வழிகாட்டியாயிற்று. அவர் மனைவியார் யூத குலத்தில் பிறந்தவராதலின் 1933-இல் ஆசிரியப் பதவியினின்றும் நீங்கினார். போரின் இறுதிக் காலத்தில் மறைந்து வாழ்ந்து உயிர் தப்பி, 1955-இல் காலமானார்.

அவருக்கு இடம் தந்த கொலோன் கலாசாலையும் ஒரு வணிகரின் கொடையே. குஸ்டாவ் மெவிஸ்ஸன் என்பவர் இளமையிலேயே பள்ளியை விட்டுத் தந்தையின் நூல் தொழிலிற் புகுந்தவர். பின்னர் இருப்புப்பாதைக்கும் வங்கிகளுக்கும் தலைவரானார். தாம் பெறாத கல்வியைப் பிறர் பெறும்பொருட்டு 1879-இலேயே நிதி அளித்தார். கலாசாலை திறந்தது 1901-இல். அவரோ 1899-இலேயே மறைந்துவிட்டார். 1919-இல் அதுவே கொலோன் சர்வகலாசாலையாக உயர்ந்தது. பிராங்க்பர்ட் நகரத்திலும் இவ்வாறே 1914-இல் நிகழ்ந்தது.

உயர்வு வந்தபொழுது வாயில் குறுகிற்று. நான்கு பருவமாயிருந்த படிப்பு 1924-இல் ஆறு பருவமாயிற்று. காலப்போக்கில் ஒன்பது வகுப்புப் பத்திரமே பெருவழியாகிவிட்டது. கடையிலிருந்து வருவோர்க்கென்று அமைந்த கலாசாலை, கடையைக் காணாதவர்க்கு உரியதாயிற்று. பிறகு, மாணாக்கர் தொழில் அறியார் என்று குறைகூறி, படிப்பின் இடையே சில மாதம் நிலையங்களுக்கு அனுப்பிப் பழக்கும் முறை வந்தது. முன்பு வாயிலில் இருந்ததை இப்பொழுது நடுக்கூடத்தில் வைத்தார்கள். சென்ற இடத்தில் கடிதம் மடித்துக் காலங்கழித்து மீளும் பிள்ளைகளும் உண்டு. பழைய கடைப்பையனின் கதையே அது.

பழைய எண்ணம் 1974-இல் பாடன்-வூர்ட்டம்பர்க் மாகாணத்தில் புதிய உருக்கொண்டது. டெய்ம்லர்-பென்ஸ், போஷ் முதலிய பெரிய நிலையங்கள் அரசாங்கத்தோடு சேர்ந்து ஸ்டுட்கார்ட், மன்ஹைம் நகரங்களில் தொழிற் கலாபீடங்களைத் தொடங்கின. 2009-இல் அவை ஒன்றுகூடி உயர்கலாசாலை என்னும் நிலை பெற்றன. இங்கே பிரவேச முறை தலைகீழானது. மாணாக்கன் முதலில் ஒரு நிலையத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். அதன் பின்னரே கலாசாலை அவனைப் பதிவு செய்யும். மும்மாதம் வகுப்பு, மும்மாதம் நிலையம் என்று மூன்றாண்டு மாறி மாறி நடக்கும். அக்காலம் முழுதும் நிலையம் ஊதியம் தரும். பெற்றோர் பணங்கொடுத்த காலம் போய், பையன் பணம் பெறும் காலம் வந்தது.

இதனிலும் ஒரு முள் உண்டு. தேர்ந்தெடுக்கும் அதிகாரம் நிலையத்தின் கையில் இருத்தலால், தெரிந்தவர் இல்லாத வீட்டுப் பிள்ளை மதிப்பெண் இருந்தும் ஒப்பந்தம் கிடையாமல் நிற்றல் கூடும். பழைய மதில் இடம் மாறியிருக்கின்றது என்றே நமக்குத் தோன்றுகின்றது. ஆயினும் அதே 2009-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், ஜெர்மானிய மாகாணங்களின் கல்வி அமைச்சர்கள் கூடி, தொழிலில் தேர்ச்சி பெற்று ‘மைஸ்டர்’ என்னும் பட்டம் பெற்றவர்களும் அதற்கொப்பாரும் ஒன்பது வகுப்புப் பத்திரம் இன்றியே எந்தச் சர்வகலாசாலையிலும் எந்தப் பாடத்திலும் சேரத் தகுதியுடையர் எனத் தீர்மானித்தனர். லைப்ஸிக் நகரத்தார் வணிகர்க்கு மட்டும் திறந்த வாயில், நூற்றுப்பதினோர் ஆண்டு கழித்துக் கொல்லர்க்கும் தச்சர்க்கும் திறந்தது.