தாடைத் தசைத் தளர்த்தல்

தாடைத் தசைத் தளர்த்தல் என்பது, தாடையை இயக்கும் தசைகளில் ஏற்படும் இறுக்கத்தையும் அதனால் தோன்றும் தாடைவலி, தலைவலி ஆகியவற்றையும் குறைப்பதற்காக ஒருவர் தம் கைகளாலேயே செய்துகொள்ளும் அழுத்துதல், நீவுதல், நீட்டுதல் முறைகளைக் குறிக்கும். தாடைமூட்டுக் கோளாறுகளுக்கான இயன்முறை மருத்துவத்தின் ஒரு பகுதியாக இவை கற்பிக்கப்படுகின்றன. எனினும் எல்லாத் தாடைவலியும் தசையால் வருவதன்று. இதயம், குருதிக்குழாய், பல் ஆகியவற்றின் நோய்களும் தாடைவலியாக வெளிப்படலாம் என்பதால், காரணத்தை அறிந்த பின்னரே இம்முறைகளைக் கையாள வேண்டும்.

உடற்கூறு

கீழ்த்தாடை எலும்பு, இரு காதுகளுக்கும் சற்று முன்னால் மண்டையோட்டின் கடைநுதல் எலும்புடன் இணைகிறது. இவ்விணைப்பு தாடைமூட்டு எனப்படும். இரு எலும்புகளுக்கும் இடையே மெல்லிய வட்டு ஒன்று உள்ளது. வாயைத் திறக்கத் தொடங்கும்போது கீழ்த்தாடையின் முனை சுழல்கிறது. மேலும் திறக்கும்போது அது முன்னோக்கி வழுக்கிச் செல்கிறது.

மெல்லுதலுக்குரிய முதன்மைத் தசைகள் ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு உள்ளன. அவையாவன:

- மெல்லுதசை: கன்ன எலும்பிலிருந்து கீழ்த்தாடையின் மூலை வரை செல்வது. பற்களைக் கடிக்கும்போது கன்னத்தில் இது புடைப்பதை விரலால் உணரலாம்.
- பொட்டுத்தசை: நெற்றிப்பொட்டிலும் காதுக்கு மேலும் விசிறி போலப் பரந்திருப்பது.
- உட்சிறகுத்தசை: கீழ்த்தாடையின் உட்புறத்தில் அமைந்தது.
- வெளிச்சிறகுத்தசை: தாடையை முன்னும் பக்கவாட்டிலும் நகர்த்துவது; வாயைத் திறக்கவும் உதவுவது.

முதல் மூன்றும் வாயை மூடும் தசைகள். நான்கும் ஐந்தாம் மண்டை நரம்பாகிய முக்கிளை நரம்பின் கீழ்த்தாடைக் கிளையால் இயக்கப்படுகின்றன. முகம், பற்கள் ஆகியவற்றின் வலியுணர்வும் முக்கிளை நரம்பின் வழியாகவே மூளையை அடைகிறது. மேற்கழுத்து நரம்புகள் கொண்டுவரும் வலியுணர்வும் மூளைத்தண்டை ஒட்டிய பகுதியில் இதனுடன் ஒன்றுசேர்கிறது. இதனால் தாடைத் தசையில் தோன்றும் வலி, பல்வலியாகவோ காதுவலியாகவோ தலைவலியாகவோ உணரப்படக்கூடும். இதனை அறியாது நலமான பல்லுக்கு வேர்ச் சிகிச்சை செய்யப்படுவதும் உண்டு.

காரணங்கள்

விழித்திருக்கும்போது அறியாமல் பற்களைக் கடித்துக்கொண்டிருத்தல், உறக்கத்தில் பற்களை நறநறத்தல், மன அழுத்தம், உறக்கக் குறைவு, தொடர்ந்து கடினமான பொருள்களை மெல்லுதல், பல் சிகிச்சைக்காக நெடுநேரம் வாயைத் திறந்து வைத்திருத்தல் ஆகியன தசை இறுக்கத்தோடு தொடர்புடையவையாகக் கருதப்படுகின்றன. ஓய்வு நிலையில் மேல், கீழ்ப் பற்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. உதடுகள் மூடியிருந்தாலும் பற்களுக்கிடையே சிறு இடைவெளி இருப்பதே இயல்பாகும்.

வரலாறு

1934 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், காதுவலி, தலைவலி முதலியவற்றைத் தாடைமூட்டுடன் தொடர்புபடுத்தி விவரித்தார். கடைவாய்ப் பற்களை இழப்பதே இதற்குக் காரணம் என்ற அவருடைய விளக்கம் பின்னர் ஏற்கப்படவில்லை. எனினும் இக்கோளாறு நெடுங்காலம் அவர் பெயராலேயே அறியப்பட்டது.

தசைகளின் பங்கை விரிவாக ஆராய்ந்தவர்களுள் ஜேனட் டிராவெல் (1901–1997) குறிப்பிடத்தக்கவர். இவர் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் எஃப். கென்னடியின் மருத்துவராகவும் பணியாற்றினார். இவரும் டேவிட் சைமன்சும் சேர்ந்து எழுதிய கையேட்டின் முதல் தொகுதி 1983 இல் வெளிவந்தது. தசையில் உள்ள இறுகிய, தொட்டால் நோகும் புள்ளிகள் தொலைவிலுள்ள இடங்களிலும் வலியை உண்டாக்குகின்றன என்று அந்நூல் விளக்கியது. அதன்படி மெல்லுதசையின் புள்ளிகள் கடைவாய்ப் பற்களிலும் காதிலும் புருவத்தின் மேலும், பொட்டுத்தசையின் புள்ளிகள் நெற்றிப்பொட்டிலும் மேற்பற்களிலும் வலியைத் தோற்றுவிக்கலாம். இப்புள்ளிகளின் உண்மைத்தன்மை குறித்து ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது.

செய்முறைகள்

கைகளைக் கழுவி, நகங்களை வெட்டிக்கொண்டு, அமர்ந்த நிலையில் இவற்றைச் செய்வது வழக்கம். "நோகிறது, ஆனால் இதமாக உள்ளது" என்ற அளவைத் தாண்டி அழுத்தக்கூடாது. தொடங்குமுன் ஈரமான வெந்துணியைக் கன்னத்தில் 10 முதல் 15 நிமிடங்கள் வைத்திருந்தால் தசை இளகும்.

- ஓய்வு நிலை: "ன" என்று ஒலிக்கும்போது நாநுனி தொடும் இடத்தில், அதாவது மேல் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னே, நாவை மெல்ல வைக்க வேண்டும். உதடுகள் மூடியும் பற்கள் விலகியும் இருக்க, மூக்கால் மூச்சுவிட வேண்டும். இதனை நாள் முழுதும் அவ்வப்போது நினைவூட்டிக்கொள்வதே எல்லாப் பயிற்சிகளுக்கும் அடிப்படையாகும்.
- மெல்லுதசையை நீவுதல்: பற்களை ஒருமுறை கடித்துத் தசையின் இடத்தை அறிந்து, பின் தாடையைத் தளர்த்த வேண்டும். கன்ன எலும்பின் கீழே இரு விரல்களை வைத்துச் சிறு வட்டங்களாக அழுத்தி, தாடையின் மூலை வரை மெதுவாக இறங்க வேண்டும். நோகும் இடத்தில் ஏறத்தாழ 30 நொடிகள் நிறுத்தலாம்.
- பொட்டுத்தசையை நீவுதல்: வாயைச் சற்றுத் திறந்த நிலையில், விரல்நுனிகளை நெற்றிப்பொட்டில் வைத்துக் காதுக்கு மேலாகப் பின்னோக்கி நீவ வேண்டும்.
- வாயினுள் பிடித்தல்: கட்டைவிரலைக் கன்னத்தின் உட்புறமும் மற்ற விரல்களை வெளிப்புறமும் வைத்து, தடித்துத் தோன்றும் தசையை மெதுவாகப் பிடித்து 20 முதல் 30 நொடிகள் வைத்திருந்து விட வேண்டும். வாய்ப்புண் உள்ளவர்கள் இதனைத் தவிர்க்க வேண்டும்.
- பிடரிக்குக் கீழ் அழுத்துதல்: ஒரு காலுறைக்குள் இரண்டு டென்னிஸ் பந்துகளை இட்டுக் கட்டி, மல்லாந்து படுத்து, மண்டையோடும் கழுத்தும் சேரும் இடத்தின் கீழே வைத்துச் சில நிமிடங்கள் ஓய்ந்திருக்கலாம்.
- கட்டுப்பாட்டுடன் வாய் திறத்தல்: நாவை மேலண்ணத்தில் வைத்தபடியே வாயைத் திறந்து மூடுவதால் தாடை முன்னோக்கி வழுக்குவது குறைகிறது. இதனை 6 முறை செய்யலாம்.

கழுத்தின் முன்பக்கவாட்டில் நாடித்துடிப்பு உணரப்படும் இடத்தை அழுத்தக்கூடாது. அங்கே மூளைக்குக் குருதி செல்லும் தமனி உள்ளது. ஒருமுறை நெடுநேரம் செய்வதைவிட, நாளுக்கு 2 அல்லது 3 முறை சில நிமிடங்கள் செய்வது நன்று. மறுநாள் வலி மிகுந்திருப்பின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும்.

பயன்பாடு குறித்த சான்றுகள்

2023 இல் பி.எம்.ஜே. என்னும் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான வழிகாட்டுதல், நாட்பட்ட தாடைமூட்டுக் கோளாறு வலிக்கு அறிதல்-நடத்தைச் சிகிச்சை, பயிற்சியாளர் மேற்பார்வையில் தாடைப் பயிற்சிகள், நோகும் புள்ளிகளைக் கையால் அழுத்துதல், வீட்டில் செய்யும் பயிற்சிகளும் நோய் பற்றிய விளக்கமும் அடங்கிய வழமையான கவனிப்பு முதலியவற்றைப் பரிந்துரைத்தது. பல்லமைப்பை நிலையாக மாற்றும் பல்லுறைகள், மூட்டு வட்டை அகற்றும் அறுவை ஆகியவற்றை அது தவிர்க்கச் சொன்னது. திரும்பப் பெற முடியாத சிகிச்சைகளுக்கு முன் எளிய முறைகளை முயல்வதே இன்றைய பொதுவான அணுகுமுறையாகும்.

இம்முறைகள் ஒற்றைத் தலைவலியைக் குணப்படுத்துவதில்லை. தாடைத் தசை வலி ஒற்றைத் தலைவலியுடன் சேர்ந்தே காணப்படும்போது இரண்டுக்கும் தனித்தனியே சிகிச்சை தேவைப்படும். மாதத்தில் 15 நாள்களோ அதற்கு மேலோ சாதாரண வலிநீக்கிகளை உட்கொண்டு வந்தால், அம்மருந்துகளே தலைவலிக்குக் காரணமாகிவிடக்கூடும்.

மருத்துவரை நாட வேண்டிய நிலைகள்

- உடலை வருத்தும்போது தோன்றி ஓய்வில் தணியும் தாடைவலி, அல்லது நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவற்றுடன் வரும் தாடைவலி மாரடைப்பின் அறிகுறியாக இருக்கலாம். உடனே அவசர சிகிச்சை பெற வேண்டும்.
- 50 வயதைக் கடந்தவருக்குப் புதிதாகத் தோன்றும் நெற்றிப்பொட்டு வலி, மெல்லும்போது தாடை களைத்து வலித்தல், பார்வை மங்கல் ஆகியன பெருங்கலத் தமனி அழற்சியைக் குறிக்கலாம். சிகிச்சை தாமதமானால் பார்வை நிலையாக இழக்கப்படும் என்பதால் அன்றே மருத்துவரைக் காண வேண்டும்.
- பாக்கு, பாக்கு கலந்த பொருள்கள் ஆகியவற்றை மெல்லுவோருக்கு வாய் திறப்பது படிப்படியாகக் குறைந்து, காரம் பட்டால் எரிச்சல் உண்டாகுமானால், அது வாய்ச் சளிச்சவ்வடி நார்மையாக இருக்கலாம். தெற்காசியாவில் பரவலாகக் காணப்படும் இந்நோய் புற்றுநோயாக மாறக்கூடியது. தசை நீவலால் இது நீங்காது.
- காயத்துக்குப் பின் தாடை பூட்டிக்கொண்டு உடல் விறைத்தல் ஏற்புவலியின் அறிகுறியாகலாம்.
- காய்ச்சல், முகவீக்கம், திடீரெனத் தோன்றும் கடுந்தலைவலி, முகம் மரத்துப்போதல், அடிபட்ட பின் பற்கள் பொருந்தாமை ஆகிய நிலைகளிலும் தாமே நீவிக்கொள்ளாமல் மருத்துவரை நாட வேண்டும்.

மேற்கண்ட அறிகுறிகள் இல்லாதபோதும், சில வாரங்கள் பயிற்சி செய்தும் வலி குறையவில்லையெனில் பல் மருத்துவரையோ இயன்முறை மருத்துவரையோ அணுகுவது நலம்.