தண்ணீர் வண்டியின் மேல் போட்ட பழி

1959 மார்ச் 4 அன்று கென்யாவின் காலனி அரசு நைரோபியில் ஒரு செய்திக்குறிப்பு வெளியிட்டது. ஹோலா முகாமில் பத்துக் கைதிகள் இறந்துவிட்டார்கள், தண்ணீர் வண்டியிலிருந்து தண்ணீர் குடித்த பிறகு இறந்தார்கள் என்பது அதன் சாரம். அது பொய் என்று இன்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பொய் எத்தனை நாள் தாங்கியது, லண்டனில் காலைப் பேப்பரைப் பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பிய சாதாரண ஆளுக்கு உண்மை எப்போது எட்டியது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

முதலில் கொஞ்சம் பின்னணி. மாவ் மாவ் கிளர்ச்சியை ஒடுக்க 1952 அக்டோபரில் பிரிட்டிஷ் ஆட்சி கென்யாவில் நெருக்கடி நிலையை அறிவித்தது. கிக்குயு மக்களைக் கூட்டங்கூட்டமாகப் பிடித்து, வழக்கோ விசாரணையோ இல்லாமல் முகாம்களில் அடைத்தது. ஒரு கட்டத்தில் அப்படி உள்ளே இருந்தவர்கள் 70,000 பேருக்கு மேல். கடைசிவரை மசியாதவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களைத் தானா நதியோரம், வெயில் கொளுத்தும் ஹோலாவுக்கு அனுப்பினார்கள். மார்ச் 3 அன்று அவர்களில் எண்பதுக்கும் மேற்பட்டோரைப் பாசன வாய்க்கால் வெட்ட ஓட்டிப்போனார்கள். குற்றவாளி என்று எந்தக் கோர்ட்டும் சொல்லாத நாங்கள் ஏன் கூலியாள் போல மண் வெட்ட வேண்டும் என்பது அவர்கள் நிலை. காவலர்கள் தடியை எடுத்தார்கள். செத்தவர்கள் மொத்தம் 11 பேர்.

இந்த விஷயத்தைத் தேடுகிற எவரும் முதலில் போய் நிற்கும் இடம் ஹான்ஸ்லோப் பார்க். சித்திரவதைக்கு ஆளான முதிய கென்யர்கள் சிலர் லண்டனில் 2009இல் தொடுத்த வழக்கின் நெருக்குதலில், 2011இல் பிரிட்டிஷ் வெளியுறவுத் துறை ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது. கென்யா பற்றிய சுமார் 1,500 கோப்புகள், 300 பெட்டிகளில், அந்த வளாகத்தில் அதுவரை பூட்டிக் கிடந்தன. பிற காலனிகளையும் சேர்த்தால் ஏறக்குறைய 8,800 கோப்புகள். அவை இப்போது கியூ ஆவணக் காப்பகத்தில் எஃப்சிஓ 141 என்ற வரிசையில் இருக்கின்றன. 1957இல் கென்யாவின் அட்டர்னி ஜெனரல் எரிக் கிரிஃபித் ஜோன்ஸ் கவர்னருக்கு எழுதியது அவற்றில் பேர்போனது. கைதிகளை எப்படி அடிக்கலாம், உடம்பில் எந்த இடத்தில் அடிபடக் கூடாது என்றெல்லாம் விதி வகுத்துவிட்டு, பாவம் செய்வதென்றால் சத்தமில்லாமல் செய்ய வேண்டும் என்கிறார். எழுதியவர் சட்ட அதிகாரி!

இந்தப் பெட்டிகளை மட்டும் பார்த்தால் தீர்ப்பு சுலபம். அரசு மறைத்துவிட்டது, ஜனங்கள் பாவம், அவர்களுக்கு என்ன தெரியும் என்று கோப்பை மூடிவிடலாம். பூட்டாத அலமாரியில் அந்த வருடங்களில் என்ன இருந்தது என்று பார்ப்பதற்காக நான் பார்லிமெண்ட் நடவடிக்கைப் பதிவான ஹான்சார்டைப் புரட்டினேன். அது இணையத்திலேயே கிடைக்கிறது.

ஹோலாவுக்கு மூன்று வருடம் முன்பே, 1956இல், அய்லீன் ஃபிளெட்சர் என்ற குவேக்கர் பெண்மணி கென்ய முகாம் வேலையை விட்டு வந்து, தான் கண்டதைப் பத்திரிகையில் பெயர் போட்டே எழுதியிருக்கிறார். காமிதி சிறையில் சிறுமிகள் இருந்ததையும் எழுதினார். சபையில் அமைச்சர்கள் மறுத்தார்கள், வயதுக் கணக்கு தவறு என்றார்கள். அதற்கும் முந்திய வருடம் லேபர் எம்.பி. பார்பரா காசில், போலீஸ் காவலில் நடந்த ஒரு சாவைத் துருவ டெய்லி மிரர் பத்திரிகைக்காகக் கென்யா போனார். மிரர் அன்று லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போன பேப்பர்.

தண்ணீர் வண்டிக் கதையோ இரண்டரை மாதம் கூடத் தாங்கவில்லை. மே மாதமே மரண விசாரணை நடத்திய மாஜிஸ்திரேட், அடியால் ஏற்பட்ட காயங்களே காரணம் என்று முடிவு சொல்லிவிட்டார். ஜூனில் அரசே ஒரு வெள்ளை அறிக்கை போட்டது. வேலைக்கு மறுப்பவர்களைப் பலவந்தமாக இழுத்துப்போய்ச் செய்யவைக்க வேண்டும் என்ற சிறைத்துறைத் திட்டம் அதில் அச்சிலேயே இருக்கிறது. காசு கொடுத்தால் யாரும் வாங்கலாம்.

ஜூலை 27 இரவு பார்லிமெண்டில் ஹோலா பற்றிய விவாதம் நள்ளிரவைத் தாண்டிப் போகிறது. ஒரு மணிக்கு மேல் ஆளுங்கட்சி எம்.பி. ஈனோக் பவல் எழுந்து சொந்த அரசையே குற்றம்சாட்டுகிறார். செத்தவர்கள் மனிதர்களில் சேர்த்தி இல்லை என்பதுபோல் பேசப்பட்டதைச் சாடுகிறார். ஆப்பிரிக்காவுக்கு ஒரு நியாயம், இங்கிலாந்துக்கு ஒரு நியாயம் என்று வைத்துக்கொள்ள முடியாது என்கிறார். ஒன்பது வருடம் கழித்து, குடியேறிகளுக்கு எதிராக விஷம் கக்கிய அதே பவல்தான். மனிதர்கள் ஒரே சீராக இருப்பதில்லை.

அக்டோபர் 8 அன்று பொதுத்தேர்தல். பிரதமர் மேக்மில்லனின் ஆளும் கன்சர்வேடிவ் கட்சிக்கு 365 இடம், 100 இடப் பெரும்பான்மை, முன்பைவிட அதிகம்.

ஹோலாவுக்காக யாரும் அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடவில்லை, ஒப்புக்கொள்கிறேன். வீடு, சம்பளம், விலைவாசி என்று அவரவர் கணக்கு அவரவருக்கு. லேபரும் முன்பு ஆண்ட கட்சிதான், காலனிகளை வைத்திருந்த கட்சிதான். தடி எடுத்த காவலரையும் ஓட்டுச் சீட்டில் குறிபோட்டவரையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமும் ஆகாது. ஆனால் ஹோலாவில் இருந்தவருக்குக் கோர்ட் கிடையாது, வக்கீல் கிடையாது, லண்டன் பார்லிமெண்டுக்கு ஓட்டு கிடையாது. அவரை அடைத்த அமைச்சரைக் கேள்வி கேட்கும் அதிகாரம் இருந்தது பிரிட்டிஷ் வாக்காளர் ஒருவருக்குத்தான். கேட்டால் அவருக்கு வேலை போகாது, ஜெயிலும் கிடையாது. சர்வாதிகாரத்தில் வாய் மூடிக் கிடந்தவனுக்கு நான் தரும் சலுகையை இவருக்குத் தர எனக்கு மனம் வரவில்லை.

மாற்றம் வந்தது, அதையும் சொல்ல வேண்டும். தேர்தலுக்குப் பின் காலனித் துறைக்கு வந்த இயன் மெக்லவுட் நெருக்கடி நிலையை முடித்துவைத்தார். அந்த 11 சாவுகளுக்காக யார் மீதும் கொலை வழக்கு வரவில்லை.

2013 ஜூனில் பிரிட்டிஷ் அரசு வருத்தம் தெரிவித்து, 5,228 பேருக்கு 1 கோடியே 99 லட்சம் பவுண்டு தர இசைந்தது. கொடுத்தவர்கள், 1959இல் ஓட்டுப் போட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமான வரிகட்டுவோர். அதன் பிறகு இன்னும் 40,000 கென்யர்கள் தொடுத்த வழக்கை 2018இல் லண்டன் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இவ்வளவு வருடம் கழித்து நியாயமான விசாரணை நடத்த இயலாது என்பது நீதிபதி சொன்ன காரணம். அப்போது ஹோலா வெள்ளை அறிக்கை அச்சாகி 59 வருடம் ஆகியிருந்தது.